சைட் வேலையை விடாமல் பி.இ. சிவில் முடிப்பது எப்படி: டிப்ளமோ பொறியாளர்களுக்கான முழுமையான வழிகாட்டி

டிப்ளமோ சிவில் முடித்து, கட்டுமான நிறுவனத்தில் சைட் இன்ஜினியராகவோ சூப்பர்வைசராகவோ பணியாற்றிக்கொண்டே பட்டப்படிப்பில் சேர நினைப்பவர்களுக்காகத் தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்து இதை எழுதுகிறேன். இப்படிச் சேர்ந்து பாதியில் நின்ற இளையவர்கள் பலரை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். பாடம் புரியாமல் நின்றவர்கள் அவர்களில் மிகச் சிலரே. சைட் வேறு மாவட்டத்துக்கு மாறியதாலும், ஒரு சான்றிதழ் சரியாக இல்லாததாலும், வருகைப்பதிவு குறைந்ததாலும் நின்றவர்களே மிகுதி. ஆகவே பாடத்துக்கு இணையாக முன்னேற்பாட்டுக்கும் இங்கே இடம் கொடுத்திருக்கிறேன். படிகளின் வரிசையை மாற்றாமல் செல்லுங்கள். விண்ணப்பப் படிவத்தை நிரப்புவது ஐந்தாவது படியில்தான் வருகிறது. புதியவர்கள் பெரும்பாலும் அதிலிருந்தே தொடங்குகிறார்கள்.

1. உங்களுக்குரிய படிப்பு எது என்பதை முதலில் உறுதி செய்யுங்கள்

டிப்ளமோ முடித்தவருக்கு உரியது பி.இ. அல்லது பி.டெக். சிவில். தமிழ்நாட்டில் கோவை, சேலம், திருநெல்வேலி, மதுரை போன்ற ஊர்களில் உள்ள அரசு மற்றும் அரசு உதவிபெறும் பொறியியல் கல்லூரிகளில் ஏழு பருவங்கள் கொண்ட பகுதிநேர பி.இ. நெடுங்காலமாக மாலை வகுப்புகளாக நடந்துவந்திருக்கிறது. அதோடு 2023-24 கல்வியாண்டு முதல், பணிபுரிவோருக்கென்றே தனிப் பிரிவு நடத்த அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ கல்லூரிகளுக்கு அனுமதி அளித்துவருகிறது. இதில் டிப்ளமோ முடித்தவர் நேரடியாக இரண்டாம் ஆண்டுக்குரிய நிலையில் சேர்கிறார்; வகுப்பு நேரத்தைப் பணிக்கு ஏற்றபடி கல்லூரி அமைத்துக்கொள்ளலாம். எந்த வடிவமானாலும் மூன்று முதல் மூன்றரை ஆண்டு ஆகும் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே பி.இ. முடித்தவர், கட்டுமானப் பொறியியலும் மேலாண்மையும் என்ற பிரிவில் பகுதிநேர எம்.இ. படிக்கலாம். அது ஆறு பருவங்கள். ஐடிஐ முடித்துவிட்டு மேற்பார்வையாளராக இருப்பவர் முதலில் பாலிடெக்னிக்கில் டிப்ளமோவை முடிக்க வேண்டும். அந்தப் படியைத் தாண்டிச் செல்ல வழி கிடையாது.

இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். "வகுப்புக்கே வர வேண்டாம், தேர்வுக்கு மட்டும் வந்தால் போதும், பி.இ. பட்டம் கிடைக்கும்" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். உரிய ஒப்புதல் இல்லாமல் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அஞ்சல் வழியில் வழங்கிய பொறியியல் பட்டங்கள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2017 நவம்பரில் தீர்ப்பளித்தது. அந்தப் பட்டத்தை வைத்துப் பதவி உயர்வு பெற்றவர்கள்கூட அதனால் பாதிக்கப்பட்டார்கள். இந்தியப் பொறியாளர்கள் நிறுவனம் நடத்தும் ஏஎம்ஐஇ தேர்வைப் பற்றியும் தெளிவாக இருங்கள்: மத்திய அரசு அதைப் பட்டத்துக்கு இணையாக ஏற்றுக்கொண்டது 2013 மே 31 வரை பதிவு செய்தவர்களுக்குத்தான். இன்று புதிதாகச் சேர்பவர் அதைப் பட்டமாக எண்ணி மூன்று நான்கு ஆண்டுகளைச் செலவிடக் கூடாது.

தொலைநிலையில் கிடைக்கும் எம்பிஏ, திட்ட மேலாண்மைப் பட்டயம் போன்றவை மேலாண்மைப் படிப்புகள். ஒப்பந்தம், செலவுக் கணக்கு, திட்டமிடல் ஆகியவற்றில் அவை உதவும். ஆனால் "பி.இ. சிவில் கட்டாயம்" என்று கேட்கும் டெண்டர் நிபந்தனைக்கோ பணி விதிக்கோ அவை பதிலாக நிற்காது. உங்களுக்குத் தேவைப்படுவது எது என்பதை, உங்கள் நிறுவனம் பங்கேற்கும் டெண்டர்களில் பொறியாளர் தகுதி பற்றிய பகுதியைப் படித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். டிப்ளமோவுடன் பல ஆண்டு அனுபவம் போதும் என்று இருக்கும் இடமும் உண்டு. பட்டம் இல்லாமல் பெயரையே சேர்க்க முடியாத இடமும் உண்டு.

2. அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு உங்கள் சைட் எங்கே இருக்கும் என்று கேட்டறியுங்கள்

தொழிற்சாலையில் வேலை செய்பவருக்குப் பணியிடம் நகர்வதில்லை. கட்டுமானத்தில் அப்படி இல்லை. ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கட்டமைப்பு வேலை ஒன்றரை, இரண்டு ஆண்டுகளில் முடிந்ததும் அந்த அணியையே வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். பகுதிநேரப் படிப்புக்கோ, பணியிடம் கல்லூரியிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. ஏஐசிடிஇ திட்டம் வந்தபோது அது 50 கிலோமீட்டர் ஆரம் என்று இருந்தது. இந்த எண் மாறக்கூடியது என்பதால், நீங்கள் சேரும் ஆண்டின் அறிவிப்பில் உள்ளதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

விதியைவிட நடைமுறை இன்னும் கடுமையானது. 50 கிலோமீட்டர் தள்ளியுள்ள சைட்டிலிருந்து மாலை நெரிசலில் புறப்பட்டு ஆறு மணி வகுப்புக்கு வாரம் ஐந்து நாள் வந்து சேர்வது ஒரு பருவத்துக்கு மேல் நீடிக்காது. சைட்டிலிருந்து கல்லூரிக்கு மாலை ஐந்து மணிப் போக்குவரத்தில் ஒரு மணி நேரத்துக்குள் வர முடியுமா என்பதை ஒரு வேலை நாளில் நீங்களே வண்டி ஓட்டிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்த நேரத்தை நம்ப வேண்டாம்.

திட்ட மேலாளரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த வேலை எப்போது முடியும்? இதே நகரில் நிறுவனத்துக்கு அடுத்த வேலை கையில் இருக்கிறதா? இடமாற்றம் வந்தால் என் படிப்பு முடியும் வரை பில்லிங், தரக்கட்டுப்பாடு, திட்டமிடல் போன்ற பிரிவுகளில் ஒன்றுக்கு மாற்றித் தர முடியுமா? மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. ஆனால் இடைநிற்றலைத் தடுப்பதில் மற்ற எதையும்விட அதுவே அதிகம் உதவுவதைப் பார்த்திருக்கிறேன். பில்லிங்கிலும் தரக்கட்டுப்பாட்டிலும் நேரம் ஓரளவு நம் கையில் இருக்கும். கான்கிரீட் போடும் அணியில் அது இருக்காது.

இந்த மூன்றுக்கும் சாதகமான பதில் இல்லையென்றால், இந்த ஆண்டு சேராமல் அடுத்த ஆண்டுக்குத் தள்ளுவது நல்லது. சேர்ந்துவிட்டு இரண்டாம் பருவத்தில் நிற்பவருக்குக் கட்டிய கட்டணமும் திரும்பாது, மனமும் சோர்ந்துவிடும்.

3. அனுபவத்தை நிரூபிக்கும் காகிதங்களைச் சேருங்கள்

டிப்ளமோ முடித்த பிறகான முழுநேரப் பணி அனுபவம் கேட்கப்படும். பகுதிநேர பி.இ.யில் இரண்டு ஆண்டு என்பது வழக்கம்; ஏஐசிடிஇ திட்டத்தில் குறைந்தது ஓர் ஆண்டு. அனுபவம் உங்களிடம் இருக்கும். அதற்கான காகிதம் இருக்கிறதா என்பதே கேள்வி.

கட்டுமானத் துறையில் பலர் துணை ஒப்பந்ததாரரிடம் ரொக்கச் சம்பளத்தில் வேலை செய்கிறார்கள். பிஎஃப் இருக்காது, பணி நியமனக் கடிதமும் இருக்காது. லெட்டர்பேடில் "இவர் எங்களிடம் மூன்று ஆண்டுகளாகப் பணிபுரிகிறார்" என்று எழுதி வாங்கிய ஒரு கடிதம் மட்டும் போதாது. சரிபார்ப்பில் அது நிற்பது கடினம். பதிவு பெற்ற நிறுவனமா என்பதைக் கேட்பார்கள் என்பதால், சிறு நிறுவனமாக இருந்தால் அதன் உத்யம் (சிறு, குறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) பதிவுச் சான்றின் நகலையும் ஜிஎஸ்டி பதிவையும் கேட்டு வாங்குங்கள். உங்களிடம் நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், சம்பளம் வரவான வங்கிக் கணக்கு அறிக்கை, பிஎஃப் பாஸ்புக் ஆகியவை ஒன்றோடொன்று பொருந்தும்படி இருக்க வேண்டும். ரொக்கமாக வாங்குபவர், சேர்வதற்கு ஓராண்டுக்கு முன்பே சம்பளத்தை வங்கி வழியாகப் பெற ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.

பெரிய நிறுவனங்களில் வேறொரு சிக்கல் வருகிறது. பிஎஃப் பதிவும் சம்பளச் சீட்டும் சென்னைத் தலைமை அலுவலக முகவரியைக் காட்டும்; நீங்கள் வேலை செய்வதோ கோவை சைட்டில். தூர நிபந்தனையைச் சரிபார்ப்பவர் கையில் இருக்கும் காகிதத்தைத்தான் பார்ப்பார். ஆகவே எந்தத் தேதியிலிருந்து எந்தச் சைட்டில், எந்த முகவரியில் பணியமர்த்தப்பட்டிருக்கிறீர்கள் என்று குறிப்பிடும் பணியிட ஆணையை மனிதவளப் பிரிவிலிருந்து தனியாகப் பெறுங்கள்.

பெயரையும் இப்போதே ஒத்துப்பாருங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பிஎஃப் கணக்கில் அப்பா பெயர் விரிவாக என்று மூன்று விதமாக இருப்பது நம்மிடையே சாதாரணம். பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்துங்கள். திருத்தத்துக்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால்தான் இந்தப் படி விண்ணப்பத்துக்கு முன்னால் வருகிறது. டிப்ளமோ மதிப்பெண் பட்டியல்கள் அனைத்தும், டிப்ளமோ சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றின் அசல்கள் உங்கள் கையில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். வேலையில் சேரும்போது நிறுவனத்திடம் அசலைக் கொடுத்துவைத்தவர்கள் அதைத் திரும்பப் பெற முதலில் எழுதிக் கேளுங்கள்.

4. நிறுவனத்தின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்

தடையில்லாச் சான்று என்ற ஒரு பக்கக் கடிதத்தைக் கல்லூரி கேட்கும். அதை வாங்குவதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அந்தக் கடிதம் கல்லூரிக்குப் போதும், உங்களுக்குப் போதாது. வகுப்பு நாட்களில் எத்தனை மணிக்குச் சைட்டை விட்டுப் புறப்படலாம், பருவத் தேர்வுக்கு எத்தனை நாள் விடுப்பு, அது சம்பளத்துடனா சம்பளம் இல்லாமலா, நீங்கள் இல்லாத நேரத்தில் பொறுப்பு யாருக்கு ஆகிய நான்கையும் திட்ட மேலாளருக்கு ஒரு மின்னஞ்சலாக எழுதி, அவர் ஒப்புக்கொண்டதாகப் பதில் வாங்கிவையுங்கள். திட்ட மேலாளர்கள் மாறுவார்கள். பழையவர் வாய்மொழியாகச் சொன்னது புதியவரிடம் எடுபடாது.

நிறுவனம் கட்டணத்தைக் கட்டுவதாகச் சொன்னால் ஒப்பந்தத்தை முழுவதும் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். படிப்பு முடிந்த பின் எத்தனை ஆண்டு அங்கேயே இருக்க வேண்டும் என்பதோடு, நிறுவனமே உங்களை வெளியூருக்கு மாற்றிப் படிப்பு நின்றால் அந்தப் பணத்தை யார் திருப்புவது என்பதும் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

5. கல்லூரியைச் சரிபார்த்து விண்ணப்பியுங்கள்

கல்லூரிக்கு ஏஐசிடிஇ ஒப்புதல் இருக்கிறது என்பது மட்டும் போதாது. சிவில் பிரிவுக்கு, பணிபுரிவோர் அல்லது பகுதிநேர வகைக்கு, நீங்கள் சேரும் கல்வியாண்டுக்கு ஒப்புதல் இருக்கிறதா என்று அந்த ஆண்டின் ஒப்புதல் கடிதத்தில் பாருங்கள். முழுநேரப் படிப்புக்கான ஒப்புதலைக் காட்டிப் பகுதிநேர மாணவரைச் சேர்க்க முடியாது.

அடுத்து, வகுப்பு அட்டவணையைக் கேளுங்கள். கடந்த பருவத்தின் உண்மையான அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள். வாரநாட்களில் மாலையா, சனி ஞாயிறா, ஆய்வக வகுப்பு எப்போது என்பது அதில் தெரிந்துவிடும். வார இறுதி வகுப்பு சைட்காரர்களுக்கு வசதி என்று தோன்றும். ஆனால் நம் துறையில் ஞாயிறு மட்டுமே விடுமுறை, சனிக்கிழமை முழு வேலை நாள். வாரச் சம்பளம் கொடுப்பதும் பெரும்பாலும் சனிக்கிழமைதான். உங்கள் சைட்டில் எந்த நாள் கனமானது என்பதை வைத்தே தேர்ந்தெடுங்கள்.

படிவத்தில் அனுபவக் காலத்தை எழுதும்போது டிப்ளமோ முடிவு வெளியான தேதிக்குப் பிறகான காலத்தை மட்டும் எழுதுங்கள். படிக்கும்போது செய்த பயிற்சியையும் சேர்த்து எழுதி, சரிபார்ப்பில் நாட்கள் குறைந்து வாய்ப்பை இழந்தவர்கள் உண்டு.

6. வகுப்பு தொடங்குவதற்கு முன்பே கணிதத்தைத் தூசி தட்டுங்கள்

சைட்டில் நாள் முழுக்கக் கணக்குப் போடுகிறோம். ஆனால் அது கூட்டல், பெருக்கல், கன அளவு. பட்டப்படிப்பின் முதல் பருவத்தில் வருவதோ வகையிடல், தொகையிடல், வகையீட்டுச் சமன்பாடுகள், அணிகள். டிப்ளமோ முதலாண்டில் படித்த இவற்றை ஐந்தாறு ஆண்டுகள் தொடாமல் இருந்துவிட்டு நேராக வகுப்பில் உட்கார்ந்தால் முதல் அரியர் அங்கேதான் விழும். அது அடுத்த பருவத்தின் கணிதத்தையும் இழுத்துக்கொண்டு போகும்.

சேர்க்கைக்கும் வகுப்புக்கும் இடையே கிடைக்கும் வாரங்களில் டிப்ளமோ கணிதப் புத்தகத்தையே எடுத்துத் தொகையிடல் வரை கணக்குகளைக் கையால் போட்டுப் பாருங்கள். காணொளி பார்ப்பது போதாது. தேர்வில் கை ஓட வேண்டும். அதே நாட்களில் எளிய உத்திரங்களுக்கு வெட்டு விசை, வளைவுத் திருப்புத்திறன் படங்களை வரைந்து பழகுங்கள். கட்டமைப்புப் பகுப்பாய்வு முழுவதும் அந்தப் படத்தின் மேல்தான் நிற்கிறது.

7. வகுப்பு நாளும் கான்கிரீட் நாளும் மோதாமல் வேலையை அமையுங்கள்

எந்தத் திட்டமிடலும் இல்லையென்றால் ஸ்லாப் கான்கிரீட் உங்கள் மாலையை முழுவதும் எடுத்துக்கொள்ளும். ஒரு கணக்கைப் பார்ப்போம். 120 கனமீட்டர் ஸ்லாப், ஆர்எம்சி (ஆலையில் கலந்து வரும் கான்கிரீட்) வண்டி ஒன்றுக்கு 6 கனமீட்டர் என்றால் 20 வண்டிகள். பம்ப் மணிக்கு 25 கனமீட்டர் தள்ளினால் ஊற்றுவதற்கு மட்டும் ஐந்து மணி நேரம். வண்டித் தாமதம், பைப் மாற்றுதல், சாப்பாட்டு நேரம் சேர்த்து ஏழு எட்டு மணி நேரம் ஆகிவிடும். அதற்குப் பிறகு மட்டம் பார்த்து மேற்பரப்பைத் தேய்க்கும் வேலை இருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு நீங்கள் புறப்பட வேண்டுமானால் முதல் வண்டி காலை ஆறரைக்குள் சைட்டில் நிற்க வேண்டும். அதற்குக் கம்பி, சென்ட்ரிங், மின்குழாய் ஆகியவற்றைக் கன்சல்டன்ட் முந்தைய நாள் மாலைக்குள் சோதித்துக் கையெழுத்திட்டிருக்க வேண்டும். காலை ஒன்பது மணிக்கு வந்து சோதிக்கும் வழக்கம் இருக்கும் வரை நீங்கள் வகுப்புக்குப் போக முடியாது. எனவே சோதனைக் கோரிக்கையை ஒரு நாள் முன்னதாக அனுப்புவதை முதல் வாரத்திலிருந்தே பழக்கமாக்குங்கள். பெரிய ஸ்லாபை வகுப்பு இல்லாத நாளுக்குத் தள்ள முடிந்தால் வாராந்திரத் திட்டக் கூட்டத்திலேயே அதைச் சொல்லிவிடுங்கள்.

புறப்படும் முன் ஒப்படைப்பு எழுத்தில் இருக்க வேண்டும். கைபேசியில் "பாத்துக்கோங்க அண்ணே" என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுப் போவது ஒப்படைப்பு ஆகாது. கடைசி வண்டி எண், அதன் ஸ்லம்ப் அளவு (கான்கிரீட்டின் இளக்கத்தைக் காட்டுவது), வலிமைச் சோதனைக்கு எடுத்த கியூப்களின் அடையாள எண்கள், வேலையை நிறுத்த நேர்ந்தால் எந்த இடத்தில் இணைப்பு விட வேண்டும், சென்ட்ரிங்கைத் தாங்கும் முட்டுகளை இரவு பார்ப்பவர் யார், நீராற்றுவதை (க்யூரிங்) எத்தனை மணிக்குத் தொடங்குவது ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதி, பொறுப்பேற்பவரிடம் கையெழுத்து வாங்குங்கள். மறுநாள் ஏதாவது கேள்வி வந்தால் உங்களையும் அவரையும் காப்பாற்றுவது அந்தப் பக்கம்தான்.

8. வருகை, இன்டர்னல், தேர்வு மாதங்கள்

அண்ணா பல்கலைக்கழக விதிமுறைகளில் 75 விழுக்காடு வருகை வேண்டும். மருத்துவச் சான்று போன்ற காரணங்களுக்கு 65 விழுக்காடு வரை தளர்வு உண்டு; ஆனால் "சைட்டில் கான்கிரீட் இருந்தது" என்பது அந்தக் காரணங்களில் வராது. நான்கில் ஒரு வகுப்பைத் தவறவிடலாம் என்ற கணக்கைப் பருவத்தின் முதல் மாதத்திலேயே செலவழித்துவிடாதீர்கள். கடைசி மாதத்துக்கு அது கட்டாயம் தேவைப்படும்.

காரணம் இதுதான். பருவத் தேர்வுகள் நவம்பர்-டிசம்பரிலும் ஏப்ரல்-மேயிலும் வருகின்றன. ஏப்ரல் தேர்வுக்கு முந்தைய மாதம் மார்ச். நிதியாண்டு முடிவதால் பில்லை அனுப்பி வாங்க எல்லா நிறுவனங்களும் ஓடும் மாதம் அது. அளவுப் புத்தகம் எழுதுவது, கூட்டு அளவெடுப்பு, இறுதி பில் என்று இரவு பத்து மணி வரை அலுவலகத்தில் உட்கார வைக்கும். ஆகவே அளவுகளை மார்ச்சுக்குக் குவிக்காமல் வாரந்தோறும் எழுதி முடித்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நவம்பர் தேர்வு வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருவது ஒரு விதத்தில் நமக்குச் சாதகம். மழை நாட்களில் வெளிவேலை நிற்கும். அந்த மணிநேரங்களைப் படிப்புக்கு எடுத்துக்கொள்ள முன்கூட்டியே அனுமதி பெறுங்கள். ஆனால் மழைக்கு முன் அடித்தளத்தை முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் செப்டம்பர், அக்டோபர் வகுப்புகள் அடிபடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

2021 விதிமுறையில் எழுத்துப் பாடங்களுக்கு அக மதிப்பீடு 40, இறுதித் தேர்வு 60 மதிப்பெண். தன்னாட்சிக் கல்லூரிகளில் இந்த விகிதம் மாறலாம் என்பதால் உங்கள் கல்லூரியின் விதிமுறையை முதல் வாரத்திலேயே கேட்டுப் படியுங்கள். இன்டர்னலைச் சாதாரணமாக நினைத்து விட்டுவிட்டு இறுதித் தேர்வில் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வேலை செய்பவருக்குப் பொருந்தாது. இறுதித் தேர்வு நாளில் சைட்டில் என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. இன்டர்னல் மதிப்பெண் கைக்கு வந்துவிட்ட சொத்து.

9. பாடத்தையும் சைட்டையும் ஒன்றாகப் படியுங்கள்

முழுநேர மாணவரைவிட உங்களுக்கு இருக்கும் பெரிய பலம் இது. ஆனால் தானாக வராது. ஒவ்வொரு பாடத்திலும் சைட்டில் தினமும் செய்யும் ஒரு செயலை எடுத்து "ஏன்" என்று கேட்டுப் பழக வேண்டும்.

கான்கிரீட் தொழில்நுட்பத்தில் தொடங்குங்கள். எம்25 கலவைக்கு (28 நாளில் சதுர மி.மீ.க்கு 25 நியூட்டன் வலிமை வேண்டியது) ஆர்எம்சி நிறுவனம் தரும் வடிவமைப்பில் இலக்கு வலிமை 31.6 என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 25 கேட்டால் 31.6 எதற்கு? இந்தியத் தர நெறியான ஐஎஸ் 10262 தரும் சூத்திரப்படி 25 உடன் 1.65 மடங்கு திட்ட விலக்கத்தைக் கூட்ட வேண்டும். எம்25க்கு முன்கூட்டியே கொள்ளும் திட்ட விலக்கம் 4. அந்த 1.65 புள்ளியியல் பாடத்தில் வரும் இயல்நிலைப் பரவலிலிருந்து வருகிறது: முடிவுகளில் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் 25க்குக் கீழே விழக் கூடாது என்பதே அதன் பொருள். கணித வகுப்பில் வெறும் வளைகோடாகத் தெரிந்தது உங்கள் கியூப் பதிவேட்டில் இருப்பதை இப்போது காணலாம். கியூப் எண்ணிக்கையும் அப்படியே. முன்னர் சொன்ன 120 கனமீட்டர் ஸ்லாபுக்கு ஐஎஸ் 456 படி முதல் 50 கனமீட்டருக்கு 4 மாதிரி, மீதி 70க்கு ஒவ்வொரு 50க்கும் அதன் பகுதிக்கும் ஒன்று வீதம் 2 மாதிரி, ஆக 6 மாதிரி. மாதிரிக்கு மூன்று என்று 28 நாள் சோதனைக்கு 18 கியூப்கள். ஏழாம் நாள் பார்க்க வேண்டுமானால் அதற்குத் தனியாக எடுக்க வேண்டும்.

கட்டமைப்புப் பாடத்துக்குச் சென்ட்ரிங் பிரிப்பைப் பாருங்கள். சாதாரண ஸ்லாபில் முட்டுகளை நடுவிலிருந்து ஓரங்களை நோக்கிப் பிரிக்கிறோம். ஒரு பக்கம் மட்டும் பிடிப்புள்ள பால்கனியில் நுனியிலிருந்து சுவரை நோக்கிப் பிரிக்கிறோம். மேஸ்திரிக்கு இது பழக்கத்தில் தெரியும். வளைவுத் திருப்புத்திறன் படத்தை வரைந்தால் காரணம் தெரியும்: பால்கனியில் நுனி முட்டுகளை விட்டுவிட்டுச் சுவர்ப்பக்க முட்டுகளை முதலில் எடுத்தால், மேலே கம்பி வைத்த ஸ்லாப் கீழ்ப்புறம் இழுவிசைக்கு ஆளாகிறது, அங்கே போதிய கம்பி இல்லை. தாங்கிகளுக்கு இடையே 4.5 மீட்டர் வரையான ஸ்லாபுக்கு முட்டுகளை ஏழு நாளில் எடுக்கலாம் என்று ஐஎஸ் 456 சொல்வது சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட்டுக்குத்தான் என்பதையும் அந்தப் பிரிவைப் படிக்கும்போது கவனிப்பீர்கள். இன்று பல சைட்டுகளில் வலிமை மெதுவாக ஏறும் பிபிசி (போர்ட்லேண்ட் பொசொலானா) சிமென்ட் போட்டுவிட்டு அதே ஏழு நாளைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

10. புராஜெக்டைச் சைட்டிலிருந்தே எடுங்கள்

கடைசிப் பருவத்தில் பலரும் பத்து மாடிக் கட்டடம் ஒன்றை மென்பொருளில் வடிவமைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அதைப் படிக்கும் தேர்வாளருக்கும் அதில் புதிதாக ஒன்றும் இருக்காது, எழுதியவருக்கும் வாய்மொழித் தேர்வில் விளக்கத் தெரியாது. உங்களிடம் வேறு எந்த மாணவரிடமும் இல்லாத தரவு இருக்கிறது.

கம்பிக் கழிவையே எடுத்துக்கொள்ளுங்கள். 16 மி.மீ. கம்பி 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. உத்திரத்துக்கு 4.3 மீட்டர் துண்டு தேவையென்றால் ஒரு கம்பியில் இரண்டு கிடைக்கும், 3.4 மீட்டர் மிஞ்சும். 200 துண்டுகளுக்கு 100 கம்பிகள்; மீட்டருக்கு 1.58 கிலோ என்ற கணக்கில் மிஞ்சுவது ஏறத்தாழ 537 கிலோ. அந்த 3.4 மீட்டரை எந்த உறுப்பில் பயன்படுத்தலாம் என்று வெட்டுப் பட்டியலை முன்கூட்டியே அடுக்கினால் எவ்வளவு மிஞ்சும் என்பதை உங்கள் சைட்டின் உண்மையான பார் பெண்டிங் ஷெட்யூலை (கம்பிகளை வெட்டி வளைக்கும் பட்டியல்) வைத்துக் காட்டுங்கள். இதுவே ஒரு நல்ல புராஜெக்ட். கியூப் முடிவுகளின் ஏற்ற இறக்கம், ஒரு மாடியின் சென்ட்ரிங் சுழற்சிக்கு ஆகும் நாட்கள், பணித் தாமதக் காரணங்கள் ஆகியவையும் தகும்.

தரவு சேகரிப்பை இறுதியாண்டு தொடங்கும் முன்பே ஆரம்பியுங்கள். புராஜெக்ட் பருவம் வரும்போது உங்கள் சைட்டில் அந்த வேலை முடிந்துபோயிருக்கலாம். நிறுவனத்திடமும் கட்டட உரிமையாளரிடமும் தரவைப் பயன்படுத்த எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அறிக்கையில் பெயர்களையும் விலைகளையும் நீக்கிவிடுங்கள்.

11. முடிவு வந்த பிறகு

தற்காலிகச் சான்றிதழும் ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியலும் கைக்கு வந்த வாரமே மனிதவளப் பிரிவில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள். பதவி உயர்வுக் கணக்கைச் சில நிறுவனங்கள் பட்டம் பெற்ற நாளிலிருந்து பார்க்காமல், சான்றிதழ் கொடுத்த நாளிலிருந்தே தொடங்குகின்றன. அரசுத் துறையில் இருப்பவர், படிக்க முன்அனுமதி பெற்ற ஆணையின் நகலையும் அதனுடன் சேர்த்துப் பணிப்பதிவேட்டில் பதியச் செய்ய வேண்டும்.

தனியாகத் தொழில் செய்ய எண்ணுபவர்கள், தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019இல் பதிவு பெற்ற பொறியாளர், கட்டுமானப் பொறியாளர் ஆகியோருக்குச் சொல்லப்பட்டிருக்கும் தகுதிகளைப் படித்து, உள்ளாட்சி அமைப்பிலோ திட்டக் குழுமத்திலோ விண்ணப்பிக்கலாம். அங்கும் அனுபவச் சான்று கேட்பார்கள். மூன்றாம் படியில் சேர்த்த கோப்பைப் பட்டம் வந்த பிறகும் ஆண்டுதோறும் புதுப்பித்து வையுங்கள். சைட் மாறும் ஒவ்வொரு முறையும் பணியிட ஆணை, நீங்கள் பொறுப்பேற்ற வேலையின் பரப்பளவு அல்லது மதிப்பு, தொடங்கிய முடித்த தேதிகள் ஆகியவற்றை நிறுவனத்தின் முத்திரையுடன் அப்போதே வாங்கிக்கொள்ளுங்கள். வேலை முடிந்து அணி கலைந்த பின் அவற்றைக் கையெழுத்திட அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.